கேரியரைப் பிடித்த கை: புதுக்கோட்டைப் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, கரூர் – புதுக்கோட்டை

காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தி ஒப்படைத்த கையோடு கிளம்பிவிட்டேன். திருச்சியில் பஸ் மாறி, கீரனூர் தாண்டியதும் நிலத்தின் முகமே வேறாகிறது. செம்மண், கருவேலங்காடு, எதிர்பாராத இடங்களில் தரையைப் பிளந்துகொண்டு எழும் மொட்டைப் பாறைகள். ஜன்னல் ஓரம் கிடைத்ததில் மகிழ்ச்சி.

எங்கள் பள்ளியில் ஆண்டுக்கு ஒரு முறை யாரையாவது அழைத்து வந்து தன்னம்பிக்கை உரை நடத்துவோம். மாணவிகள் ஆர்வமாகக் கேட்பார்கள், கைதட்டுவார்கள், குறிப்பும் எடுப்பார்கள். மறுநாள் வகுப்பில் கணக்கு புரியாத பிள்ளை, புரியவில்லை என்று எழுந்து சொல்லமாட்டாள். "பயப்படாதே, தைரியமாக இரு" என்பதை நாம் எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டோம். எப்படி இருப்பது என்று யாரும் அவளுக்குக் காட்டவில்லை. காட்டிய இடம் ஒன்று உண்டென்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பயணம்.

1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலை தமிழ்நாட்டுக்கும் வந்து, 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்பிக்கத் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். அவர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருந்தால்தான் பெண்கள் படிக்க வருவார்கள். ஆனால் மாலையில் போய் இரவில் திரும்ப பஸ் ஏது? அண்ணனையோ கணவனையோ எதிர்பார்த்தால் நடக்கிற காரியமா? எனவே எழுத்துப் பாடத்தோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். சேலை கட்டிய பெண் சைக்கிளில் போனால் ஊரே நின்று வேடிக்கை பார்த்த காலம் அது. ஏறத்தாழ 13 லட்சம் பேர் வாழ்ந்த அந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 1992 மார்ச் 8, மகளிர் நாளன்று, ஹேண்டில்பாரில் கொடி கட்டி 1,500க்கும் அதிகமான பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் ஊர்வலமாகப் போனார்கள்.

அவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது, எழுபது வயது. நாளை சிலரைப் பார்க்கப் போகிறேன். அந்தக் காலத்தில் அறிவொளித் தொண்டராக இருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஊரையும் வழியையும் சொல்லியிருக்கிறார்.

இரவு பஸ் நிலையத்துக்கு அருகில் பரோட்டாவும் முட்டை மாஸும். இந்த ஊருக்கு வந்து முட்டை மாஸ் சாப்பிடாமல் தூங்கக் கூடாது.

திங்கள், நார்த்தாமலைப் பக்கம் ஓர் ஊர்

மகளிருக்கான கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் போனேன். கூடையும் தூக்குச்சட்டியுமாக பஸ் முழுக்கப் பெண்கள்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. அங்கிருப்பவர்கள் தங்கள் வீட்டுக் கதையை என்னிடம் சொன்னார்கள், அது போதும். வேப்பமரத்தடியில் முதலில் இருவர், அரை மணி நேரத்தில் ஐந்தாறு பேர். எல்லோரும் கல்குவாரியில் வேலை செய்தவர்கள். சம்மட்டியால் கல்லை உடைத்து ஜல்லியாக்கும் வேலை. ஒருவர் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். ரேகையே இல்லை, முழுக்கக் காய்ப்பு.

எந்த சைக்கிளில் கற்றீர்கள் என்று கேட்டேன். வாடகைக் கடை சைக்கிள்தான், மணிக்கணக்கில். பெண்கள் ஓட்டும் வகை சைக்கிளுக்கு அன்று மாவட்டம் முழுக்கத் தட்டுப்பாடு. கிடைத்தது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டி. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டிருக்கிறார்கள். பிறகு அரைப் பெடல், அதற்குப் பிறகுதான் சீட்டில் ஏறுவது. பின்னாளில் வங்கிக் கடனில் சொந்தமாக சைக்கிள் வாங்கும் வாய்ப்பு வந்தபோது பலர் பார் வைத்த வண்டியையே கேட்டு வாங்கினார்களாம். பிள்ளையை முன்னால் பாரில் உட்காரவைக்கலாம், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம். தேவை தெரிந்தவர்கள் செய்த தேர்வு அது.

"விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லையா அம்மா?" என்றேன்.

"கல்லோடு கிடந்த உடம்பு, விழுந்தால் என்ன ஆகிவிடும்? எவனாவது பார்த்துவிடுவானோ என்றுதான் பயம்" என்றார் மூத்தவர்.

இந்தப் பதிலை நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். அவர்களின் பயம் காயத்தைப் பற்றியது அல்ல, பார்வையைப் பற்றியது. என் மாணவி எழுந்து நின்று சந்தேகம் கேட்காததற்கும் இதே பயம்தான் காரணம். அவளிடம் "உன்னால் முடியும்" என்று சொல்லிப் பயனில்லை. முடியும் என்பது அவளுக்கே தெரியும். சிரிப்பார்களோ என்பதுதான் அவள் கவலை.

அந்தப் பயத்தை என்ன செய்தார்கள்? முதலில் ஒளிந்துகொண்டார்கள். நிலா வெளிச்சத்தில், ஊருக்கு வெளியே நெல்லடிக்கும் களத்தில் கற்றார்கள். யாரும் தனியாகப் போகவில்லை. ஒருத்தி ஓட்டுவாள், ஒருத்தி கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடுவாள், மற்றவர்கள் வழியில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொள்வார்கள். "ஒருத்தி விழுந்தால் எல்லோரும் சிரிப்போம் டீச்சர். ஊர் சிரிப்பதற்கு முன்னால் நாங்களே சிரித்துத் தீர்த்துவிட்டோம். ஊருக்கு மிச்சம் எதுவும் இல்லை" என்றார் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர். இதைச் சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார்கள். முழங்கால் தழும்புகளை வேறு காட்டினார்கள்.

கேரியரைப் பிடித்தவர் ஒரு கட்டத்தில் கையை விட்டுவிடுவார். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. பிடித்திருக்கிறாள் என்ற நம்பிக்கையில் களத்தின் கடைசி வரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தால் தோழி தூரத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பாள். "அப்போதுதான் தைரியம் வந்தது" என்றார் ஒருவர். ஓட்டி முடித்த பிறகு வந்திருக்கிறது! நாம் பிள்ளைகளிடம் தைரியத்தை முதலில் கேட்கிறோம், செயலை அதற்குப் பிறகு எதிர்பார்க்கிறோம்.

பி.எட். படிக்கும்போது ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞரைப் பற்றிப் பாடம் உண்டு. தன்னால் முடியும் என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது என்று 1977இல் அவர் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். தானே செய்து பார்த்து வென்ற அனுபவத்துக்குத்தான் அவர் முதலிடம் தருகிறார். தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது அதற்கு அடுத்தது. பிறர் சொல்லி ஊக்குவிப்பது இவற்றைவிட வலுக் குறைந்தது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த பாடம் அது. வேப்பமரத்தடியில் ஒரு நெல்லடிக்கும் களத்தின் கதையாக அதைக் கேட்டபோதுதான் மனதில் இறங்கியது.

சைக்கிள் சைக்கிளோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூலிச் சீட்டில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அந்த ஆண்டுகளில் மாவட்ட நிர்வாகம் கல்குவாரிகள் சிலவற்றைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தது. நேற்று வரை கூலிக்கு உடைத்தவர்கள் லாரிக்காரரிடம் விலை பேசினார்கள். "முதல் நாள் வாய் குழறியது, நாலாவது லாரிக்குச் சரியாகிவிட்டது" என்றார் ஒருவர். எந்தப் பயிற்சி முகாமில் இவ்வளவு தெளிவாகச் சொல்வார்கள்?

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவர் நெடுநேரம் பேசாமலே இருந்தார். அவரும் கற்றவர்தான், மற்றவர்களைவிட வேகமாகக் கற்றவர் என்று தோழிகள் சொன்னார்கள். கடனில் வாங்கிய சைக்கிளை அவர் கணவர் ஒரு நாள் விற்றுவிட்டார். அதன் பிறகு அவர் ஓட்டவே இல்லை. கடனை மட்டும் அவரே கட்டி முடித்தார். இதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மனதை மட்டும் திடமாக வைத்துக்கொள் என்று இவரிடம் யார் சொல்ல முடியும்? மனம் திடமாகத்தான் இருந்தது. சைக்கிள்தான் இல்லை. மன உறுதியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இவருக்கு எதிரில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

செவ்வாய், மன்னர் கல்லூரியும் திருக்கோகர்ணமும்

இன்று ஊருக்குள்ளேயே நடந்தேன். புதுக்கோட்டை வீதிகள் நேராக, ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டிப் போகின்றன. சமஸ்தானக் காலத்து ஒழுங்கு. வழி தவறவே முடியாது.

மன்னர் கல்லூரி வாசலில் நெடுநேரம் நின்றேன். முத்துலட்சுமி ரெட்டி படித்த இடம். 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் இருந்தவர், தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பூப்பெய்தியதும் பெண்ணின் படிப்பை நிறுத்துவது அன்றைய வழக்கம். தந்தை வீட்டிலேயே படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் தேறியதும் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி. பெண் என்று எதிர்த்தார்கள், தாயின் குலத்தைச் சொல்லியும் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவிட்டார். வகுப்பில் அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவே திரை கட்டியிருந்ததாகச் சொல்வார்கள்.

இந்தக் கதையைப் பள்ளி விழாக்களில் சொல்லும்போது, தனியொரு பெண் எல்லாவற்றையும் எதிர்த்து நின்றார் என்று முடித்துவிடுகிறோம். நேற்று களத்துக் கதையைக் கேட்ட பிறகு எனக்கு அது குறையாகப் படுகிறது. தந்தை ஒரு பக்கம் பிடித்திருக்கிறார், மன்னர் ஒரு பக்கம். அதனால் அவருடைய துணிவு குறைந்துவிடுமா என்ன? திரைக்குப் பின்னால் தினமும் போய் உட்கார்ந்தது அவர்தான். அன்றாடம் அந்த வாசலைக் கடந்தது அவர் கால்தான்.

1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே குரல் கொடுத்தார். முழுமையான தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது. அந்த முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்குத் தங்க வேறு இடம் கிடைக்காதபோது தம் வீட்டுக் கதவைத் திறந்தார். அப்படித்தான் 1930இல் அவ்வை இல்லம் பிறந்தது. புற்றுநோயில் தங்கையைப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்படும் வரை அந்த வேலையை விடவில்லை. தாம் பிடிக்கப்பட்டதைப் போலவே அடுத்தவர்களைப் பிடித்திருக்கிறார்.

கல்லூரியிலிருந்து மாணவிகள் ஸ்கூட்டியில் வந்துகொண்டே இருந்தார்கள். யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. அவர்களுக்கு அவசரம்.

மதியம் திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகம், பிரகதாம்பாள் கோயில். கோயில் குளிர்ச்சியாக இருந்தது.

புதன், சித்தன்னவாசல்

ஓவியங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குளம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது என்பதே பெரிய விஷயம். நான் அதிக நேரம் இருந்தது மலைமேல் ஏழடிப்பட்டத்தில்.

மேற்குப் பக்கமாக ஏறி, மலையின் மறுபுறம் இறங்கினால் செங்குத்துப் பாறையில் ஒரு குகை. இப்போது இரும்புக் கைப்பிடி போட்டிருக்கிறார்கள். அது இல்லாத காலத்தில் பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் கால் வைத்துத்தான் போக வேண்டும், அதனால்தான் ஏழடிப்பட்டம். உள்ளே சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள், வழுவழுவென்று, தலைமாட்டில் கல்லையே தலையணையாக உயர்த்தி விட்டிருக்கிறார்கள். ஒரு படுக்கையில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து இருக்கிறது, 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது.

ஏழு குழிகளும் சரியாக ஒரு மனிதக் காலடி இடைவெளியில் இருக்கின்றன. முழு மலையையும் நினைத்தால் கால் கூசும், அடுத்த குழியை மட்டும் பார்த்தால் போய்விடலாம். முதன்முதலில் எவரோ தொங்கிக்கொண்டு அதை வெட்டியிருக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவர் வெட்டிய குழியில் கால் வைத்தவர்கள்.

வெயில் ஏறிவிட்டது. இறங்கி வந்து நுங்கு சாப்பிட்டேன்.

வியாழன், ஆதனக்கோட்டை, கீரமங்கலம்

தஞ்சாவூர்ச் சாலையில் ஆதனக்கோட்டை வந்தால் முந்திரி வறுக்கும் புகை பஸ்ஸுக்குள் வந்துவிடும். சாலையோரத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வறுக்கிறார்கள், உடைக்கிறார்கள், அங்கேயே விற்கிறார்கள். முந்திரித் தோட்டின் எண்ணெய் கையில் பட்டால் தோல் பொசுங்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைக்கிறார்கள். கால் கிலோ வாங்கினேன். கஜா புயலில் இந்தப் பக்கம் முந்திரி மரங்கள் நிறைய விழுந்துவிட்டன என்று விற்றவர் சொன்னார். கீரமங்கலம் போகிறேன் என்றதும், "அங்கே எங்களைவிட மோசம், தென்னை அத்தனையும் படுத்துவிட்டது" என்றார்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையைக் கடந்தது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்தில் தென்னைதான் வாழ்க்கை. பெண் பிறந்தால் அவள் திருமணத்துக்கென்று தென்னை வைக்கும் குடும்பங்கள் உண்டு. ஒரே இரவில் தோப்புகள் தரையோடு தரையாகின.

கீரமங்கலத்தில் ஒரு தோப்புக்காரரைச் சந்தித்தேன். அப்போதே அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. விழுந்த மரங்களை அறுத்து அகற்றவே பல மாதம் ஆனதாம். பிறகு கன்று வைத்தார். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். "இந்த வயதில் எதற்கு என்று கேட்டார்கள்" என்றார். என்ன பதில் சொன்னீர்கள் என்றேன். பதில் எதுவும் சொல்லவில்லை, குழி வெட்டினேன் என்றார். நடுவில் ஊடுபயிராக மல்லிகையும் கடலையும் போட்டுச் சமாளித்திருக்கிறார். அந்த ஆண்டுகளில் தூக்கம் வராத இரவுகள் இருந்தன என்பதையும் மறைக்கவில்லை. பக்கத்துத் தோப்புக்காரரும் அவரும் ஒருவர் தோப்பில் மற்றவர் வேலை செய்து கொடுத்து நடவை முடித்தார்கள். இப்போது பாளை வெடித்திருக்கிறது. இளநீர் வெட்டிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

இங்கிருந்து சிறிது தூரத்தில்தான் நெடுவாசல். 2017 பிப்ரவரியில், நிலத்தடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக ஊரே பந்தலில் உட்கார்ந்த இடம். தொலைக்காட்சியில் பார்த்தபோது என் கண்ணில் பட்டது முன்வரிசைப் பெண்கள்தான். அவர்களில் எத்தனை பேர் 1992இல் ஹேண்டில்பாரில் கொடி கட்டியவர்கள்? இருந்திருப்பார்கள் என்று நம்ப விரும்புகிறேன்.

வெள்ளி, கரூர் திரும்பும் வழியில்

காலையில் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரை நேரில் பார்த்து நன்றி சொல்லப் போனேன். பேச்சு சைக்கிளிலேயே நின்றது. இன்றைய பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் ஓட்டுவது பெரிய காரியமில்லை, அரசே பள்ளியில் விலையில்லாமல் கொடுக்கிறது என்றேன். ஒப்புக்கொண்டார். "பிள்ளைகளின் அம்மாக்கள்?" என்றார்.

கரூரில் என் மாணவிகளின் அம்மாக்களில் நிறையப் பேர் ஜவுளி ஆலைகளிலும் தையல் கூடங்களிலும் வேலை செய்கிறார்கள். கம்பெனி வேன் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வர முடியாததற்கு அவர்கள் சொல்லும் முதல் காரணம், கூட்டி வர ஆள் இல்லை என்பதுதான். மகளிடம் சைக்கிள் இருக்கிறது, வீட்டுத் திண்ணையில் சாத்தியிருக்கிறது, அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது.

ஆசிரியரிடம் நடைமுறை விவரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். சீட்டைத் தாழ்த்திவிட வேண்டும், கால் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும். முதல் சில நாள் பெடலைத் தொடவே வேண்டாம், தள்ளித் தள்ளி உருளட்டும், சமநிலை தானாக வரும். மண் தரையாக இருந்தால் நல்லது. ஆண்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது. கற்றுக்கொடுப்பவர் போன வாரம் கற்றவராக இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது. பத்து வருடம் ஓட்டியவருக்குப் பயம் எப்படியிருந்தது என்பது மறந்திருக்கும்.

தலைமையாசிரியையிடம் போனிலேயே பேசிவிட்டேன். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தை ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார். தீபாவளி கழிந்ததும் தொடங்குகிறோம். அம்மாக்களுக்குக் கற்றுக்கொடுக்கப்போவது அவரவர் மகள்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளைத்தான் முதலில் சேர்க்கப்போகிறேன், அம்மா விழாமல் இருக்க அவர்கள் கத்தித்தானே ஆக வேண்டும்.

கரூர்ப் பக்கம் இருப்பவர்கள் வீட்டில் ஓட்டாமல் கிடக்கும் பழைய சைக்கிள் இருந்தால் சொல்லுங்கள். துரு ஏறியிருந்தாலும் பரவாயில்லை, செயினும் டயரும் மாற்றிக்கொள்வோம். கேரியர் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும்.